பாரீஸிலிருந்து வியன்னா வரை ரயிலில்: ஐந்து பேருக்குத் திட்டம் போட்ட கதை

மகள் எழுதித் தந்த முதல் பட்டியலில் லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரீஸ், சுவிட்சர்லாந்து, ரோம், வெனிஸ், ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் எல்லாமே இருந்தன. அவளைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் அரை விரற்கடை தூரத்தில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கிளம்புவது நான், கணவர், 68 வயது அம்மா, 13 வயது மகள், 9 வயது மகன். பள்ளி விடுமுறையில்தான் எல்லோருக்கும் தோது என்பதால் 2025 மே மாதம் என்று முடிவானது.

லண்டன் உடனே கழன்றது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. மீதி ஊர்களை எப்படிக் குறைப்பது என்று யோசித்தபோது, எந்த ஊர் அழகு என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஊர் மாறும் நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன். மூன்று மணி நேர ரயில் என்று நேர அட்டவணை சொல்லும். ஆனால் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையம் போய், ரயில் ஏறி இறங்கி, அடுத்த ஊரில் மதியம் மூன்று மணிக்குமேல் அறை கிடைத்து உட்காரும்போது அந்த நாள் முடிந்திருக்கும். தனி ஆளாகப் போகிறவர் இதைச் சமாளித்துக்கொள்வார். முட்டிவலி உள்ள அம்மாவையும் பசி தாங்காத பையனையும் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்டி தூக்குவது பயணமே அல்ல, வீடு மாற்றுகிற வேலை.

அதனால் மாறும் நாட்கள் மூன்று மட்டும்தான் என்று முதலில் வரம்பு கட்டினேன். வரம்பு வந்ததும் பட்டியல் தானாகவே பாரீஸ், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், வெனிஸ், வியன்னா என்று ஒடுங்கியது. மிலானில் வண்டி மட்டும் மாறுவோம். ரோம் போனதில் மகளுக்கு வருத்தம்தான். ஆனால் ரோமைச் சேர்த்தால் வெனிஸ் வழியாக மறுபடி மேலே வர வேண்டும், இன்னொரு நாள் போய்விடும்.

விமானம் பாரீஸில் இறங்கி வியன்னாவில் ஏறுகிற மாதிரி எடுத்தோம். டிக்கெட் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போக, வர இரண்டு தனி டிக்கெட்டாகத் தேடினால் விலை கண்ணைக் கட்டும். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து ஏற வேண்டியதில்லை என்றாலே ரயில் வழியில் ஒரு பெரிய வளைவு மிச்சம்.

விசாவும் இனிஷியலும்

ஷெங்கன் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்கள் திட்டத்தில் பாரீஸ் இரவுகளும் சுவிஸ் இரவுகளும் சமமாக வந்தன, நுழைவது பிரான்ஸில், ஆகவே பிரான்ஸ். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அதே விசா போதும். இதில் கவனிக்க வேண்டியது, விசாவுக்குக் கொடுத்த பிறகு இரவுகளை அங்கிங்கு நகர்த்தினால் கணக்கே மாறிவிடும். அதனால் இரவு எண்ணிக்கையை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றதைத் தொடுவது நல்லது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்திருக்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அதே விடுமுறைதான். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12-க்குள் உள்ள குழந்தைகளுக்கு 45. 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. அம்மாவுக்கு இது முதல் ஷெங்கன் விசா, அதனால் கைரேகை கொடுக்க நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தக் காப்பீட்டின் விலை எகிறும், அதையும் பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிக நேரம் எடுத்தது பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் அப்பா பெயர். எனக்கு இனிஷியலை விரித்து எழுதியதில் இரண்டும் ஒரே வரியில். ஐரோப்பிய ரயில் தளம் எதுவும் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒரு தாளில் ஐந்து பேருக்கும் 'முதல் பெயர் இது, கடைசிப் பெயர் இது' என்று எழுதி, விமானம், ஹோட்டல், ரயில் எல்லாவற்றிலும் அதையே எழுத்து மாறாமல் போட்டோம். அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர் கடைசிப் பெயரானது. "அறுபது வருசம் கழிச்சு எங்கப்பன் பேரு வெளிநாட்டு டிக்கெட்டுல" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். மலிவு டிக்கெட்டுகளில் பெயர் அச்சாகியிருக்கும், பரிசோதகர் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பொருந்த வேண்டும்.

பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா

ஐரோப்பிய ரயில் என்றதும் எல்லோரும் சொல்வது யூரெயில் பாஸ், ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் போகலாம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அதுதான், இன்டர்ரெயில் என்ற அதே மாதிரிப் பாஸ் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. 33 நாடுகளில் செல்லும், இப்போது கைபேசி ஆப்பிலேயே வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 பயண நாட்கள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் என்று விற்கிறார்கள். 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பெரியவருடன் வந்தால் பாஸ் இலவசம், 27 வயது வரை இளைஞர் சலுகை, 60-க்கு மேல் மூத்தோர் சலுகை. கேட்க அழகாக இருக்கிறது.

ஆனால் பாஸ் இருந்தால் ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சரோஸா, சுவிஸ் - இத்தாலி எல்லை தாண்டும் யூரோசிட்டி, இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. பாஸ் இலவசமான பையனுக்கும் அந்த இருக்கைக் காசு உண்டு. பிரான்ஸிலிருந்து வெளியே போகும் அதிவேக ரயில்களில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் குறைவு. எங்கள் மூன்று மாறும் நாட்களில் வரும் நீளமான வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எக்செல் தாளில் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டபோது, முன்கூட்டியே எடுக்கும் தனி டிக்கெட்டுகள் தெளிவாக மலிவாக வந்தன. நான்கைந்து ஊரை முன்பே முடிவு செய்துவிட்ட குடும்பத்துக்குப் பாஸ் வீண் என்பது என் கருத்து. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று முன்பதிவு கட்டாயமில்லாத நாடுகளில் காலையில் எழுந்து 'இன்று எங்கே போகலாம்' என்று கேட்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

இந்தத் தாளில் வேடிக்கை என் மகளின் வயது. விசாவுக்கு அவள் முழுக் கட்டணம் கட்டும் பெரியவள். யூரெயில் கணக்கில் இளைஞர். ஆஸ்திரிய ரயிலில் 6 முதல் 14 வரை பாதிக் கட்டணம் என்பதால் பாதி ஆள். சுவிட்சர்லாந்தில் 16 வயது ஆகும்வரை குழந்தை, அதுவும் இலவசக் குழந்தை. இத்தாலியில் 15 வயதுக்கு உட்பட்டவர்களைக் குடும்பத்தோடு இலவசமாக ஏற்றும் சலுகை உண்டு. லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயது வரை எந்த நாட்டுப் பிள்ளையும் இலவசம். 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தளத்தில் 'பெரியவர்' என்று பொதுவாகப் போட்டுத் தேடாமல், ஒவ்வொருவர் வயதையும் தனித்தனியாகக் கொடுத்துத் தேட வேண்டும். விலை அங்கேதான் உடைகிறது.

நமக்குப் பழகாத இன்னொன்று, அங்கே காத்திருப்போர் பட்டியல் கிடையாது. நம் ரயில்வேயில் விலை பெரும்பாலும் அதேதான், இடம்தான் தீரும். அங்கே நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், விமானம் போல. நம் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. அங்கே நாட்டுக்கு நாடு மூன்று மாதம், ஆறு மாதம், ஜெர்மனியில் அதற்கும் மேலே என்று வெவ்வேறு நாளில் திறக்கிறது. ஐரோப்பா முழுக்க ஆண்டு நேர அட்டவணை டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் மாறும். அந்தத் தேதியைத் தாண்டிய பயணத்துக்குப் பழைய நேரங்களை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

விசா வரும் முன் ரயில் டிக்கெட் எடுப்பதா என்பது பெரிய தலைவலி. மலிவு டிக்கெட்டில் பணம் திரும்பாது, விசா வந்த பிறகு பார்த்தால் மலிவு டிக்கெட் இருக்காது. நாங்கள் செய்தது, ஹோட்டல் எல்லாம் இலவசமாக ரத்து செய்யக்கூடியவை, பாரீஸிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான பாசல் போகும் டிஜிவி மட்டும் பணம் திரும்பும் வகையில் கொஞ்சம் கூடக் கொடுத்து முன்பே எடுத்தது, மற்றவை விசா கையில் வந்த அன்று இரவே. மே மாதத்தில் பிரான்ஸில் 1, 8 இரண்டும் விடுமுறை, பிறகு இயேசு விண்ணேறிய வியாழன். அதை ஒட்டி எல்லோரும் வெள்ளியையும் சேர்த்து ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தேதிகளைத் தவிர்த்துச் செவ்வாய், புதன் கிழமைகளில் ஊர் மாறினோம். பணம் கட்டும்போது ஒரு நாட்டின் ரயில் தளம் எங்கள் வங்கிக் கார்டுகளைத் தொடர்ந்து நிராகரித்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைத்தும் பலனில்லை. கடைசியில் அதே டிக்கெட்டை விற்கும் வேறு தளத்தில் சிறிய சேவைக் கட்டணத்தோடு வாங்கினோம்.

பாரீஸ் முதல் இன்டர்லாக்கன்

பாரீஸில் 'பாரீஸ் ஸ்டேஷன்' என்று ஒன்று இல்லை. சென்னையில் சென்ட்ரலும் எழும்பூரும் மாதிரி திசைக்கு ஒரு நிலையம். சுவிட்சர்லாந்து ரயில்கள் கார் து லியோனிலிருந்து. விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்இஆர் பி என்ற புறநகர் வண்டி கார் து நோர் வரும், அங்கிருந்து ஆர்இஆர் டி பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். ஆகவே ஈபிள் கோபுரம் ஜன்னலில் தெரியும் அறையைத் தேடாமல் கார் து லியோனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் தூரத்தில் அறை எடுத்தோம். நான்கு ஊரிலும் இதே விதிதான், அடுத்த ரயில் எங்கே ஏறுகிறோமோ அதன் பக்கத்தில் தங்குவது.

பாசல் போகும் டிஜிவி லிரியா இரண்டடுக்கு வண்டி. பதிவின்போது கீழ்த்தளம், மேல்தளம் கேட்கும். காட்சிக்கு மேல்தளம்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வயதானவர் இருந்தால் கீழே எடுங்கள். உள்ளே படிக்கட்டு குறுகல், பெட்டியோடு ஏற முடியாது. கழிவறை கீழேயே இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியும் சிற்றுண்டிக் கடையும் மேலே. பிள்ளைகள் இருவரும் அப்பாவோடு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார்கள், அம்மா ஜன்னலோரம் நகராமல் உட்கார்ந்திருந்தார். கழிவறையில் தண்ணீர்க் குழாய் பற்றி எல்லோருக்கும் உள்ள கவலைக்கு விடை ஒரு காலி பாட்டில்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரெஞ்சு நிலையங்களில் நடைமேடை எண் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும். கதவு புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். பெட்டியில் பெயர்ச்சீட்டு கட்டாயம். போர்ட்டர் கிடையாது. முதல் ஒத்திகையாக வீட்டில் எல்லாவற்றையும் கட்டி வைத்தபோதே அம்மா பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இத்தன மூட்டைய யாரு தூக்கறது?" என்றார். மூன்று மாடி ஏற்றி இறக்கிப் பார்த்தோம். அன்றே ஒரு பெரிய பெட்டி குறைந்தது. அவரவர் பெட்டியை அவரவர் தூக்க வேண்டும், அம்மாவுக்குத் தோள்பை மட்டும்.

பாசலில் இறங்கிய பிறகு நேரத்தைப் பற்றிய கவலை போய்விடும். சுவிஸ் ரயில்கள் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் கிளம்பும்படி 1982 முதல் அட்டவணை போடுகிறார்கள். இன்டர்லாக்கனுக்கு நேரடி வண்டி, இல்லையென்றால் பெர்னில் மாறும் வண்டி. இருக்கைப் பதிவு தேவையில்லை, ஒன்றை விட்டால் அடுத்தது. அங்கே டிக்கெட் வேறு, இருக்கை வேறு. டிக்கெட் இருந்தால் காலியான எந்த இடத்திலும் உட்காரலாம், மேலே பதிவு அறிவிப்பு இல்லாமல் இருந்தால் போதும். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது சூரிக்கிலிருந்து மியூனிக் வழியாக வியன்னா போகும் பாதையும் மேசையில் இருந்தது. ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024-ல் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அங்கே ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை 'நேரம்' என்றே கணக்கில் எடுப்பார்கள். சுவிஸில் 93 சதவீதத்துக்கும் மேல், அதுவும் மூன்று நிமிட வரம்பில். வண்டி மாறுவதற்கு அஞ்சி அந்தப் பாதையை விட்டோம்.

சுவிஸ் டிராவல் பாஸா, அரை விலை அட்டையா என்பதும் கணக்குதான். பாஸில் ரயில், பேருந்து, படகு எல்லாம் அடக்கம். ஆனால் யுங்ஃப்ராயோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்குப் போக, வெங்கன் அல்லது கிரிண்டல்வால்டு ஊருக்கு மேலே 25 சதவீதம்தான் தள்ளுபடி. அரை விலை அட்டைக்கு உச்சி வரை பாதி. ஒரே இடத்தில் தங்கி மலை ரயில்களில் ஏறப்போகிறவர்களுக்கு அரை விலை அட்டை. இரண்டில் எதை வாங்கினாலும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கினால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெற்றோருடன் இலவசம். கேட்டால்தான் தருவார்கள்.

யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பதால் மருத்துவரைக் கேட்டு, அவரை மேலே கூட்டிப்போகவில்லை. கணவரும் பிள்ளைகளும் போனார்கள், நானும் அம்மாவும் லாட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில் வெங்கன் வரை. 1,274 மீட்டர், கார் போகாத ஊர், எதிரே பனிமலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி ரயிலில் பழகிய அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஊர்ச் சத்தம்தான். நீலகிரியின் பழைய நீராவி எஞ்சின்கள் இந்த நாட்டின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை என்று சொன்னபோது, "அதான் பாத்த மாதிரியே இருக்குது" என்றார்.

மிலான், வெனிஸ், வியன்னா

இன்டர்லாக்கனிலிருந்து ஸ்பீஸ் இருபது நிமிடம், அங்கே மிலான் போகும் யூரோசிட்டி. வண்டி 2007-ல் திறந்த லோட்ஷ்பெர்க் அடிச் சுரங்கம் வழியாக மலையின் அடியில் போய், பிறகு 1906-ல் திறந்த, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளமான சிம்ப்லோன் சுரங்கத்தில் நுழைந்து இத்தாலியில் வெளிவரும். மிலானில் வெனிஸ் வண்டிக்கு மாற வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அவர்களே அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேல் 50 சதவீதமும் திரும்பத் தர வேண்டும். எங்களுடையது தனித்தனி. அதனால் நடுவில் ஒன்றரை மணி நேரம் விட்டோம். மிலானோ சென்ட்ராலே நிலையத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க அந்த நேரம் போதாது என்றுதான் தோன்றியது.

வெனிஸுக்கு இரண்டு நிலையம். மெஸ்த்ரே கரையில், சாந்தா லூச்சியா தீவில். கரையில் அறை மலிவு. ஆனால் வெனிஸின் பாலங்கள் எல்லாம் படிக்கட்டுப் பாலங்கள். சாந்தா லூச்சியாவை விட்டு இடப்பக்கம் திரும்பி லிஸ்தா தி ஸ்பான்யா தெருவில் தங்கினால் ஒரு பாலமும் ஏறாமல் அறைக்குப் போய்விடலாம். அம்மாவின் முட்டிக்காகக் கொடுத்த அதிகப் பணம், முழுப் பயணத்திலும் நன்றாகச் செலவான பணம். வந்த அன்றே திரும்புகிறவர்களிடம் வெனிஸ் 2024-லிருந்து சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. தங்குகிறவர்களுக்கு இல்லை, ஆனால் தளத்தில் விலக்குக்குப் பதிவு செய்ய வேண்டும்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயிலும் உண்டு, பகலில் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலும் உண்டு. இரவு ரயிலில் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று கணவர் வாதம். படுக்கை மேலேறும் ஏணி, பெட்டிக்குப் பொதுவான கழிவறை, காலையில் வியன்னாவில் இறங்கினால் மதியம்வரை அறை இல்லாத நிலை என்று என் வாதம். பகல் வென்றது. அப்போது ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரம், நடுவில் வண்டியே மாற வேண்டாம். உடினே தாண்டியதும் மலை, ஃபில்லாக் பக்கத்தில் ஏரி, கடைசியில் செம்மரிங். கார்ல் ஃபான் கேகா வடிவமைத்து 1854-ல் திறந்த அந்த மலைப்பாதை பல்சக்கரம் இல்லாமலே வளைந்து வளைந்து ஏறும், 16 வளைவுப் பாலங்கள். 1998-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நம் நீலகிரி 2005-ல். தெற்கே 33 கிலோமீட்டர் கோரால்ம் சுரங்கம் 2025 டிசம்பரில் திறந்துவிட்டதால் இப்போது திட்டமிடுகிறவர்கள் நேரத்தைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் நெய் டப்பாவும் பால்கோவாவும் வீட்டிலேயே நின்றன. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஐந்துக்கும் மட்டும் சான்றிதழ் வேண்டாம். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், அவல், நல்லெண்ணெய் போதுமானதாக இருந்தன. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தயிரும் ரொட்டியும் அங்கே வாங்கலாம்.

வியன்னாவில் தங்கியது ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற முதன்மை ரயில் நிலையத்தின் அருகில். விமான நிலையத்துக்கு அங்கிருந்தே ரெயில்ஜெட் கால் மணி நேரத்தில் போகிறது. பச்சை நிறத்தில் விளம்பரம் செய்யும் தனி விமான நிலைய ரயில் வீன் மிட்டே நிலையத்திலிருந்து கிளம்பும், விலை பல மடங்கு, மிச்சமாகும் நேரம் சில நிமிடம்தான். ஹவுப்ட்பான்ஹோஃப் பக்கம் தங்குகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.